ஈரல் பழுதானால் மூளையின் காவல் உடைந்துவிடுமா? அப்பாவின் கதையும் ஒரு கேள்வியும்

மாங்குளத்தான் (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. வயலும் பதினைந்து மாடும் வைத்திருக்கிறார். 12 வருடமாகச் சீனி வருத்தம். சாராயம், கள்ளு எதையும் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஈரல் என்று வாயைத் திறந்ததும் ஊரில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். போன வருடம் கிளினிக்கில் ஸ்கான் செய்துவிட்டு, கொழுப்பு ஈரல் முற்றி சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பு விழுந்து இறுகிப்போவது, ஆகிவிட்டது என்றார்கள். வயிற்றில் நீர் கட்டத் தொடங்கியதால் சலம் போகிற குளிசையும் தந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் கவனிக்கத் தவறிவிட்டோம். ஆடி மாதம் முழுக்க அப்பா பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தார். யானைக் காவலுக்குக் கொட்டிலில் கிடந்து பழகிய மனிதன் இரவில் விழித்திருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? "வயது போகப் பழைய பழக்கம் திரும்புது" என்றா அம்மா.

பிறகு ஒரு நாள் உர மானியப் படிவத்துக்காகக் கமநல சேவை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். 'க'வில் தொடங்கி, வாலை நீட்டி, அடியில் ஒரு கோடு இழுப்பார். அன்று ஒரு 'க' எழுதினார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு 'க'. பிறகும் ஒன்று. கோட்டை விட்டு மேலே ஏறி ஏறி ஐந்தாறு 'க' எழுதி, பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றிரவு சேட்டின் கைக்குள் காலை விடப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். பேய் அடித்துவிட்டது, பார்வை பார்ப்பிக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னா. நான் படித்தவன் என்ற நினைப்பில் அதைவிட மோசமான வேலையைச் செய்தேன். ஒரு மருந்துக்கடையில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் பத்து மணியாகியும் எழும்பவில்லை. உலுக்கினால் முனகினார், அவ்வளவுதான். மூச்சில் இனிப்பும் புழுங்கலும் கலந்த ஒரு மணம்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வி: "எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை?" நாலு நாள். மூக்குக் குழாயால் ஒரு சிரப் விட்டார்கள், எனிமாவும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் கண்ணைத் திறந்து "மாடு அவிழ்த்தாச்சா?" என்று கேட்டார். அம்மா அழுத அழுகை வாட்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னது ஒரே ஒரு வரி: "ஈரல் வேலை செய்யாததால் நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டது." நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். மூளைக்கு ஒரு காவல் இருக்கிறது, குருதி-மூளைத் தடுப்பு என்று பாடமாக்கியிருக்கிறேன். என் கேள்வி இதுதான். அந்தத் தடுப்பு அப்பாவுக்கு உடைந்துவிட்டதா? உடைந்தது என்றால் இனி எப்போதும் அப்படியேதான் கிடக்குமா?

துருசுக்காரன் (செவ்வாய், இரவு 10.15)

தம்பி, அப்பா தேறியது சந்தோசம். நான் 28 வருடம் குளக்கட்டிலும் தண்ணீர் திறக்கிற துருசிலும் நின்றவன், மருத்துவம் தெரியாது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தண்ணீர் ஊருக்குள் வந்தால் கட்டு உடைந்தது என்றுதான் பொருள். மூளைக்குள் நஞ்சு வந்திருக்கிறது, அப்படியென்றால் காவல் உடைந்திருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒருமுறை உடைத்த கட்டு அடுத்த மாரிக்கும் அதே இடத்தால்தான் உடைக்கும். கவனமாகப் பாருங்கள்.

கச்சான் கடை (செவ்வாய், இரவு 10.31)

கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலக்கி விடியக் கொடுங்கள். எங்கள் அம்மம்மா செங்கமாரிக்கு அதைத்தான் கொடுத்தவ. உப்பில்லாப் பத்தியம், ஏழு நாள், மஞ்சள் இறங்கிவிடும். அது சரி, அப்பாவுக்குக் கண் மஞ்சளித்ததா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

மாங்குளத்தான் (செவ்வாய், இரவு 10.44)

இல்லை அண்ணை. கண் வெள்ளையாகத்தான் இருந்தது. அதனால்தான் ஈரல் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

வாட்டு மிஸி (புதன், காலை 5.50)

இரவு வேலை முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். தம்பி, நித்திரைக் குளிசை கொடுத்த முதல் ஆள் நீங்கள் இல்லை, மனதைப் போட்டு உடைக்காதீர்கள். மாதத்தில் ஒருவராவது இப்படி வருவார்கள். இரவில் உலாவுகிறார் என்று வீட்டில் ஒரு குளிசையைக் கொடுப்பார்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவதும் ஈரலின் வேலைதான், போதாததற்கு மூளை ஏற்கனவே அரைத் தூக்கத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆள் எழும்புவது கஷ்டம்.

கச்சான் கடைத் தம்பிக்கு: கண் மஞ்சளையும் மூளைக் குழப்பத்தையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் பெரிய ஆட்களின் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு திரியும், மூளைக்குள் இலகுவில் நுழையாது. பிறந்த குழந்தைக்கு அந்தப் பிடி போதாது. அதனால்தான் மஞ்சள் பிள்ளைகளை நீல வெளிச்சத்தில் வைக்கிறோம். கண் பளிச்சென்று இருக்கிற சிரோசிஸ் நோயாளி மயங்கிக் கிடப்பதையும், மஞ்சளாய்ப் பழுத்தவர் தெளிவாகக் கதைப்பதையும் ஒரே நாளில் ஒரே வாட்டில் பார்த்திருக்கிறேன். செங்கமாரி பெரும்பாலும் கிருமியால் வந்து தானாக மாறுகிற வருத்தம். கீழ்க்காய்நெல்லிக்குக் கிடைத்த பேரில் பாதி அந்தத் தானாக மாறியதற்குச் சேர வேண்டியது. சிரோசிஸ் ஈரலுக்கு எந்த மூலிகையானாலும் டொக்டரிடம் கேட்காமல் வேண்டாம். மோரை வேண்டுமானால் குடிக்கட்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது. ஏ9 வீதியில் பஸ்ஸை மறிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி, உள்ளங்கை வெளியே தெரிய மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். விரலை விரித்துக்கொண்டு அரை நிமிடம் வைத்திருக்கட்டும். கை கொக்குச் சிறகு மாதிரி விழுந்து விழுந்து எழும்பினால் அன்றே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மாங்குளத்தான் (புதன், காலை 6.20)

நன்றி அக்கா. டொக்டர் சொன்ன அந்த நஞ்சு அமோனியாவாம். அப்படியானால் இரத்தத்தில் அமோனியா பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதாம், அதை மாதம் மாதம் எடுக்கலாமா?

வாட்டு மிஸி (புதன், காலை 6.32)

அதில் காசைக் கரைக்காதீர்கள். இரத்தத்தை எடுத்த உடனே ஐசில் வைத்து, சுறுக்காக ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும். வெயிலில் பஸ்ஸில் போகிற குப்பிக்குள்ளேயே அமோனியா ஏறிக்கொண்டு போகும். அதோடு, நாட்பட்ட நோயில் அந்த இலக்கமும் ஆளின் குழப்பமும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை. ஒரு பயன் உண்டு: ஆள் குழம்பியிருக்கும்போது அமோனியா சரியான அளவில் இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். நான் தூங்கப் போகிறேன்.

கரும்பலகை (புதன், மாலை 4.10)

ஓய்வு பெற்ற இரசாயனவியல் ஆசிரியன். துருசுக்காரன் அண்ணையோடு எனக்குச் சண்டை இருக்கிறது. கட்டு உடையவில்லை என்பது என் பக்கம்.

முதலில் அந்தக் கட்டு என்னவென்று பார்ப்போம். 1885 இல் போல் ஏர்லிக் என்ற ஜேர்மன் அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தை ஏற்றினார். உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. 1913 இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் அதைத் திருப்பிச் செய்தார்: சாயத்தை மூளையைச் சூழ்ந்த திரவத்துக்குள் விட்டார். இந்த முறை மூளை நிறம் பிடித்தது, உடம்பு வெள்ளையாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அது என்ன என்று கண்ணால் காண 1967 வரை, மின் நுணுக்குக்காட்டியால் பார்க்கும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. மூளையின் மயிர்த்துளைக் குழாய்களின் உட்சுவரில் இருக்கிற கலங்கள் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் தைத்தது போல இறுகியிருக்கின்றன. பெரிய மூலக்கூறுகள் கலங்களுக்கு நடுவால் நழுவ முடியாது.

இனி அமோனியா. நாம் சாப்பிடுகிற புரதத்திலிருந்து குடல் பக்டீரியாக்கள் அதைச் செய்கின்றன, குடல் சுவரும் தன் பங்குக்குச் செய்கிறது. குடலிலிருந்து ஒரு பெரிய நாளம் அதை நேரே ஈரலுக்குக் கொண்டுபோகும். ஈரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீருக்கு அனுப்பும். அந்தச் சுற்றை 1932 இல் கிரெப்ஸும் ஹென்செலைட்டும் கண்டுபிடித்தார்கள். சிரோசிஸில் இரண்டு பழுது சேர்ந்து வருகிறது. வேலை செய்கிற கலம் குறைந்துவிடுகிறது. தழும்பு விழுந்த ஈரலுக்குள் போக முடியாத இரத்தம் பக்க வழிகளால் ஈரலைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

இரண்டாவது பழுதே தனியாகப் போதும் என்று காட்டியது பாவ்லோவ். ஆம், மணியடித்தால் எச்சில் ஊறிய நாய்களின் அதே பாவ்லோவ். எக் என்ற ரஷ்யர் 1877 இல் ஒரு சத்திரசிகிச்சை செய்து காட்டியிருந்தார்: குடல் இரத்தத்தை ஈரலுக்குள் விடாமல் நேரே பெருநாளத்துக்குத் திருப்பிவிடுவது. பாவ்லோவும் கூட்டாளிகளும் நாய்களுக்கு அதைச் செய்துவிட்டு இறைச்சி கொடுத்தார்கள். நாய்கள் தள்ளாடின, சினந்தன, கண் தெரியாதவை போல முட்டிக்கொண்டன, சில மயங்கி விழுந்தன. 1893 இல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நாய்களின் மூளைத் தடுப்பில் யாரும் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எப்படி நுழைந்தது? நம் இரத்தத்தின் காரத்தன்மையில் அமோனியாவில் ஏறக்குறைய 98 வீதம் மின்னேற்றமுள்ள அமோனியம் அயனாக இருக்கும், 2 வீதம் வாயு வடிவில் இருக்கும். அந்த 2 வீதம் கலச்சவ்வை ஊடுருவிப் போய்விடும். போன அளவுக்கு மீதியிலிருந்து புதிதாக 2 வீதம் உண்டாகும். அமோனியம் அயனும் சும்மா இருக்காது. பருமனில் பொற்றாசியத்தை ஒத்திருப்பதால் பொற்றாசியத்துக்கென்று இருக்கிற வாசல்களால் நுழையும். முட்கம்பி மாட்டை மறிக்கும். நுளம்பை மறிக்குமா? வேலியில் குறையில்லை. வழமையாக ஈரல் நுளம்பைக் கொன்றுகொண்டிருந்தது, இப்போது கொல்லவில்லை.

துருசுக்காரன் (புதன், மாலை 6.05)

மாஸ்டர், வகுப்பில் இருந்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. புதுக்குடியிருப்பில் என் மச்சானின் மகன், 24 வயது, செங்கமாரி கடுமையாகி ஈரல் அப்படியே நின்றுபோய் நாலாம் நாள் போய்விட்டான். மூளை வீங்கியதால்தான் போனான் என்று டொக்டர் வாயால் சொன்னார். நுளம்பு நுழைந்தால் வீடு வீங்குமா? தண்ணீர் உள்ளே வந்தால்தானே வீங்கும். அந்தத் தண்ணீர் எதை உடைத்துக்கொண்டு வந்தது?

கரும்பலகை (புதன், மாலை 6.20)

அண்ணை, மன்னிக்க வேண்டும், உங்கள் வீட்டுத் துக்கம் என்று தெரியாமல் வாத்தியார் வேலை பார்த்துவிட்டேன். உங்கள் கேள்வி நியாயமானது. எனக்கு இதற்கு மேல் தெரியாது.

இறுதி வருடம் (புதன், இரவு 8.45)

வணக்கம். விசுவமடு, இப்போது யாழ்ப்பாணத்தில் மருத்துவம் இறுதி வருடம். துருசுக்காரன் மாமா கேட்டதற்கு முயற்சி செய்கிறேன்.

மூளையில் நட்சத்திர வடிவக் கலங்கள் இருக்கின்றன, அஸ்ட்ரோசைட் என்போம். அவற்றின் பாதங்கள்தான் இரத்தக் குழாய்களை வெளிப்பக்கத்தால் போர்த்திக்கொண்டிருக்கின்றன. மூளைக்கு யூரியா செய்யத் தெரியாது. அதனால் வந்த அமோனியாவை இந்தக் கலங்கள் குளுட்டமேற்றோடு சேர்த்துக் குளுட்டமின் ஆக்குகின்றன. நல்ல காரியந்தான், ஆனால் குளுட்டமின் உள்ளே குவியக் குவியத் தண்ணீரை இழுக்கும், உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுகிற அதே விதிதான், திசை மட்டும் மாறி. கலம் வீங்குகிறது.

வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மாங்குளத்தான் அண்ணாவின் அப்பாவுக்கு இது மாதக்கணக்காக மெல்ல மெல்ல ஏறியது. அஸ்ட்ரோசைட்டுகள் தங்களிடமிருந்த இனொசிட்டோல் போன்ற வேறு பொருள்களை வெளியே விட்டுச் சமாளித்துக்கொள்ளும். வீக்கம் மெல்லியதாக இருக்கும், ஆனால் வேலை கெடும்: நித்திரை தலைகீழாகும், கையெழுத்து குழம்பும். மாமாவின் மருமகனுக்குச் சில நாட்களில் ஈரல் நின்றுவிட்டது. சமாளிக்க நேரமே கிடைக்கவில்லை. மண்டையோடு விரியாது, உள்ளே அழுத்தம் ஏறும். அப்படியான நோயாளிகளில் தமனி இரத்த அமோனியா 200 மைக்ரோமோலைத் தாண்டினால் எல்லோரும் பயப்படுவோம்.

தடுப்பு உடைகிறதா என்ற கேள்விக்கு, உடைகிறது என்று சொல்கிற பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மாஸ்டர் சொன்ன தையல் குளோடின்-5, ஒக்லூடின் என்ற புரதங்களால் ஆனது. எலிகளுக்கு ஈரலைத் திடீரென்று அழிக்கிற நஞ்சைக் கொடுத்துப் பார்த்தபோது, எம்எம்பி-9 என்ற நொதியம் இரத்தத்தில் ஏறி அந்தத் தையலை அரித்தது. நொதியத்தைத் தடுத்தபோது மூளை வீக்கமும் குறைந்தது. ஆகவே சடுதியான ஈரல் செயலிழப்பில் கட்டு உடைகிறது என்று நான் சொல்வேன்.

கரும்பலகை (புதன், இரவு 9.10)

எலியில் சரி பிள்ளை. மனிதரில்?

இறுதி வருடம் (புதன், இரவு 9.22)

இறந்தவர்களின் மூளைக் குழாய்களை மின் நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறார்கள். தையல் பெரும்பாலும் அப்படியே இருந்தது என்பது உண்மை. வீங்கியிருந்தது அஸ்ட்ரோசைட் பாதங்கள். குழாய்க் கலங்களுக்குள்ளும் வழமைக்கு மேலாகக் குமிழிகள் இருந்தன.

வாட்டு மிஸி (புதன், இரவு 9.40)

தங்கச்சி, மனிற்றோலை மறந்துவிட்டீர்களே! முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தபோது மூளை வீங்கின ஈரல் நோயாளிகளுக்கு மனிற்றோல் சேலைன் எத்தனை ஏற்றியிருக்கிறேன். கண்மணி விரிந்திருந்த ஆளுக்கு ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் கண்மணி சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஏன் வேலை செய்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இறுதி வருடம் (புதன், இரவு 9.58)

அக்கா, வைவாவில் இதைக் கேட்டால் பெயில் ஆகியிருப்பேன்.

மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மனிற்றோல் ஒருவகைச் சீனிச் சேர்வை. இரத்தத்தில் நின்றுகொண்டு மூளையிலிருந்து தண்ணீரை இழுத்தெடுக்கும். அது இரத்தத்திலேயே நிற்க வேண்டுமென்றால் தடுப்பு அதை உள்ளே விடக்கூடாது. தடுப்பு முழுக்க உடைந்திருந்தால் மனிற்றோலும் மூளைக்குள் போய் அங்கிருந்து தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும். ஆகவே அந்தக் கடும் நிலையிலும் கட்டு பெருமளவில் நிற்கிறது. என் பழைய பதிவை அவ்வளவில் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். உடையாமலே தடுப்பின் குணம் மாறும். உடம்பில் எங்காவது கிருமித் தொற்று வந்தால் குருதியில் அழற்சிச் சமிக்ஞைகள் ஏறும். அவை குழாய்ச் சுவரைத் தட்டினால் சுவர் உள்பக்கத்துக்கு அந்தச் செய்தியைக் கடத்தும், கொஞ்சம் கசியவும் கூடும். அதனால்தான் அதே அளவு அமோனியாவோடு நேற்று நன்றாக இருந்தவர் காய்ச்சல் வந்த அன்று குழம்பிப்போகிறார். இன்னொன்று, தடுப்பில் சாமான் ஏற்றி இறக்குகிற வாசல்கள் இருக்கின்றன. மூளைக்குள் குவிந்த குளுட்டமின் ஒரு வாசலால் வெளியே போகும்போது, அதே வாசலால் டிரிப்டோபன் போன்ற அமினோ அமிலங்கள் அளவுக்கு மிஞ்சி உள்ளே வருகின்றன. வழமையாகப் பித்தத்தோடு வெளியேற வேண்டிய மங்கனீசும் மூளையின் ஆழத்தில் போய்ப் படிகிறது, எம்ஆர்ஐ படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

துருசுக்காரன் (வியாழன், காலை 6.15)

இரவு முழுக்க யோசித்தேன். பிள்ளை சொன்னது எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள்.

2018 மார்கழி வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இரணைமடுக் குளத்துக் கட்டு உடையவில்லை. வான்கதவுகளைத் திறந்தார்கள், மேலே பெய்த மழை அப்படி. கீழே கிளிநொச்சிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். அன்றைக்கும் சனம் கட்டு உடைந்தது என்றுதான் கதைத்தது. கட்டில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், உடையாமலே ஊர் மூழ்கும் என்று. இது தெரிந்திருந்தும் நானே முதல் பதிவில் அந்தச் சனம் மாதிரி எழுதிவிட்டேன்.

கசிவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மண்கட்டு என்றால் அடியால் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். கலங்கி வந்தால் மண்ணையும் கொண்டுவருகிறது என்று அர்த்தம். அன்றிரவே ஆள் வைத்து மண்மூட்டை அடுக்க வேண்டும். மச்சானின் மகனுக்குக் கலங்கி வந்திருக்கிறது. தம்பியின் அப்பாவுக்குத் தெளிவாகக் கசிந்திருக்கிறது.

கரும்பலகை (வியாழன், காலை 7.02)

அண்ணை, 30 வருடம் படிப்பித்தும் இப்படி ஒரு உதாரணம் எனக்கு வாய்க்கவில்லை.

வட்டக்கச்சி மருமகள் (வியாழன், காலை 11.30)

இடையில் புகுந்து கேட்கிறேன். எங்கள் மாமா கசிப்புக் குடித்து ஈரல் போனவர். இதே மாதிரி இரண்டு முறை மயங்கினார். மீன், முட்டை, பருப்பு ஒன்றும் கொடுக்க வேண்டாம், அமோனியா கூடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் ஆறு மாதமாகச் சோறும் சொதியும்தான். இப்போது தோளெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. நாங்கள் செய்தது சரியா?

வாட்டு மிஸி (வியாழன், மதியம் 1.15)

பிள்ளை, முன்பு ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான் சொன்னோம், அதனால் பக்கத்து வீட்டையும் குறை சொல்ல முடியாது. இப்போது அந்தப் பேச்சே இல்லை. ஈரல் கைவிட்டால் அமோனியாவில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது தசை. புரதத்தை நிறுத்தினால் தசை உருகும், தசை உருகினால் அமோனியா எங்கே போகும்? நாளுக்கு ஒரு கிலோ உடல் நிறைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ ஆள் என்றால் 60 முதல் 75 கிராம். பயறு, கௌபி, தயிர் இலகுவாக ஒத்துவரும், மீனும் முட்டையும் தள்ளுபடி இல்லை. உப்பைத்தான் குறையுங்கள். அதோடு இரவு படுக்கைக்கு முன் ஏதாவது சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றோடு விடியும்வரை கிடந்தால் உடம்பு தசையைத் தின்னும். ஒரே நாளில் கூட்டாமல் கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கசிப்பு நின்றுவிட்டதா? அதை நீங்கள் எழுதவில்லை.

வட்டக்கச்சி மருமகள் (வியாழன், மதியம் 1.40)

நின்றுவிட்டது என்கிறார்.

கச்சான் கடை (வியாழன், மதியம் 2.05)

அந்தச் சிரப் லக்டுலோஸ்தானே? மூளை வருத்தத்துக்கு வயிறு இளக்குகிற மருந்து என்பது எனக்கு இன்னும் பகிடியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு போத்தலை ஒரே மூச்சில் குடித்தால் ஒரே நாளில் மூளை தெளியுமா?

வாட்டு மிஸி (வியாழன், மதியம் 2.20)

தெளியாது, திரும்ப என் வாட்டுக்குத்தான் வருவார். நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். அதுதான் அளவு. குறைந்தால் மருந்தைக் கூட்டுவது, கூடினால் குறைப்பது. ஐந்தாறு தடவை தண்ணீராகப் போனால் உடம்பு வற்றும், பொற்றாசியம் இறங்கும், குழப்பம் திரும்பும். ஏற்கனவே சலக்குளிசை குடிக்கிற ஆள், வெளியே ஆவணி வெயில் வேறு.

கரும்பலகை (வியாழன், மாலை 3.30)

பகிடிக்குப் பின்னால் இரசாயனம் இருக்கிறது தம்பி. லக்டுலோஸ் நாம் சமிக்க முடியாத ஒரு சீனி. பெருங்குடல் பக்டீரியாக்கள் அதை அமிலமாக்கும். அமிலத்தில் அந்த 2 வீத வாயுவும் அயனாக மாறிவிடும். அயன் குடல் சுவரை இலகுவில் தாண்டாது, மலத்தோடு போய்விடும். 1966 இல் தொடங்கி இன்றுவரை அதுதான் முதல் மருந்து. மூளைக் காவலைத் தொடாமலே வருத்தம் மாறுகிறது என்பது என் கட்சிக்கு இன்னொரு சாட்சி.

மாங்குளத்தான் (வியாழன், இரவு 8.50)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது. உடையவில்லை என்று கேட்டதே நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கின மாதிரி. ஒன்றை மட்டும் நேராகச் சொல்லுங்கள் தங்கச்சி. அப்பா முழுக்கப் பழைய மாதிரி ஆவாரா?

இறுதி வருடம் (வியாழன், இரவு 9.25)

நேராகவே சொல்கிறேன் அண்ணா. இந்த முறை வந்தது பெரும்பாலும் தெளிந்துவிடும், நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆனால் ஈரல் அப்படியேதான் இருக்கிறது. ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வருவது வழமை. திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நினைவும் சுறுசுறுப்பும் திரும்பாமலே போகலாம். சிரப்போடும் நிற்காவிட்டால் ரிஃபக்ஸிமின் என்று குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்கிற ஒரு மருந்து இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள். ஈரல் மாற்றுச் சிகிச்சை கொழும்புப் பக்கம் ராகமையில் செய்கிறார்கள். அப்பாவின் வயதுக்கும் சீனிக்கும் பொருந்துமா என்பதை அங்கே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. குடிக்காதவருக்கு எப்படி என்று ஊர் கேட்டால் ராகமைக் கதையைச் சொல்லுங்கள். 2007 இல் அங்கே நடுத்தர வயதினரைப் பரிசோதித்த ஆய்வில் மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது.

ட்ரக்டர் இருக்கிறதா? சாவியை எடுத்து வையுங்கள். ஆள் தெளிவாகத் தெரிந்தாலும் கை, கால், கண் ஒன்றுக்கொன்று பிந்தும்.

கையெழுத்துக் கதை எழுதினீர்களே, அதை விடாதீர்கள். ஒரு கொப்பி வாங்கி தினமும் விடிய ஒருமுறை கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் வாட்டில் செய்கிறதும் அதுதான். ஐந்து மூலை நட்சத்திரம் ஒன்றும் கீறச் சொல்வோம்.

மாங்குளத்தான் (பதின்மூன்று நாள் கழித்து, காலை 7.10)

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். 40 தாள் கொப்பி ஒன்று வாங்கினேன். பேனையை நூலில் கட்டி மாட்டுக்கொட்டில் கப்பில் தொங்கவிட்டிருக்கிறேன். பால் கறக்கப் போக முதல் கையெழுத்து, பிறகுதான் வாளி. முதல் நாள் "எனக்கென்ன பாலர் வகுப்பா?" என்று ஏசினார்.

ஆறாம் நாள் எழுத்து கோட்டை விட்டு ஏறியது. நட்சத்திரத்துக்கு நாலு மூலை. அம்மாவிடம் கேட்டால் முதல் நாள் முழுக்க வெளிக்குப் போகவில்லை, மாமி வீட்டுக் கலியாணத்துக்குப் போகிற அவசரத்தில் சிரப்பையும் விட்டிருக்கிறார்கள். கிளினிக் துண்டில் இருந்தபடி அளவைக் கூட்டிக் கொடுத்தேன். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன் அக்கா, சிறகு மாதிரி அசையவில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இரத்தம் பார்த்து மாலையே வீட்டுக்கு விட்டார்கள். எட்டாம் நாள் எழுத்து கோட்டில் வந்து இருந்தது.

சாவி என்னிடம்தான். அதற்கு மட்டும் இன்னும் கதையில்லை, என்னைக் கண்டால் ட்ரக்டர் பக்கம் திரும்பி நிற்கிறார்.

இன்று விடியக் கொப்பியைப் பார்த்தேன். 'க', நீட்டின வால், அடியில் கோடு, அதற்குக் கீழே நான் கேட்காமலே ஒரு வரி: "தவிடு முடிஞ்சுது. ரண்டு மூட்டை எடு."